கைதட்டல் கஞ்சி ஊற்றுமா?

2020 மார்ச் 22-இல் கை தட்டினார்கள். ஏப்ரல் 5-இல் விளக்கேற்றினார்கள். மே 3-இல் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூமாரி பொழிந்தன. கொரோனாவை எதிர்த்து நின்ற டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நாடு செலுத்தும் நன்றி என்றார்கள். நன்றி வேண்டியதுதான். ஆனால் நன்றியைக் கொடுத்தால் கடைக்காரர் ஒரு படி அரிசி அளப்பாரா?

நமது திருவிடைமருதூர் வட்டத்தைப் பார்ப்போம். நாற்று நடும் பெண்ணுக்கும், திருபுவனத்துப் பட்டுத் தறியில் குனிந்திருக்கும் நெசவாளிக்கும் காய்ச்சல் கண்டால் சர்க்கார் ஆஸ்பத்திரிதான் கதி. நோய் முற்றினால் கும்பகோணம். அதற்கும் மேல் தஞ்சை மருத்துவக் கல்லூரி. எங்கே போனாலும் இரவு பகலாகக் கட்டிலருகே நிற்பவர் நர்ஸ்தான்.

கொரோனா வார்டில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? தலை முதல் கால் வரை மூடிய உடை. அதை மாட்டிவிட்டால், கழற்றும் வரை ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. இயற்கை உபாதைக்கும் ஒதுங்க முடியாது. வேலை முடிந்தும் வீடு போகாமல் தனிமை வாசம். பெற்ற பிள்ளையை டெலிபோனில் பார்த்தவர்கள் எத்தனை பேர்! உறவினர் நெருங்க முடியாத நேரத்தில், உயிர் பிரிந்தவர்களின் பக்கத்தில் இருந்தவர்களும் அவர்களே.

இப்படி உழைத்து ஓய்ந்துபோனவர்களைப் பார்த்து, "மன உறுதி போதாது" என்று உபதேசம் செய்வோர் உண்டு. அது பொய். இத்தகைய சோர்வு, வேலையிடத்தின் தீராத நெருக்கடியால் விளைவது என்று 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. குற்றம் மனத்தில் இல்லை, தோழர்களே, வேலை வாங்கும் முறையில் இருக்கிறது!

அந்த முறை எது? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையில் தேறி வந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று வாக்குறுதி. அது எல்லோருக்கும் நிறைவேறாததால், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். பிறகு கொள்ளைநோய் வந்தது. 2020-இல் அவசர அவசரமாக 14,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தார்கள். நோய் தணிந்தது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் 2,000-க்கும் மேற்பட்டோரின் வேலை முடிந்தது. வேறு தற்காலிக வேலை தருகிறோம் என்றது சர்க்கார். நிரந்தரம் கேட்டவர்களுக்கு இன்னொரு தற்காலிகம்!

தஞ்சைத் தரணிக்கு இது புதிய கதையா? அறுவடைக்கு அழைத்து, களம் காய்ந்ததும் விரட்டும் மிராசுதார் நியாயம்தானே இது? நம் முன்னோர் போராடினார்கள். 1952-இல் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்த நேரத்தில் விரட்டும் அதிகாரத்துக்குக் கடிவாளம் விழுந்தது. களத்துமேட்டில் வென்ற நியாயம் ஆஸ்பத்திரி வார்டில் செல்லாதா?

நர்சுகள் கடமையில் தவறவில்லை. நோயாளியை விட்டு ஓடவில்லை. அந்தக் கடமை உணர்ச்சியையே சாக்காக்கி, சம்பளம் கேட்டால் "சேவைக்குக் கூலியா?" என்று வாயை அடைப்பது சுரண்டல்.

நாம் கேட்பது மூன்று: போதிய ஆள், நிரந்தர வேலை, நியாயமான ஊதியம். அடுத்த முறை நர்சுகள் கொடி பிடித்து நிற்கும்போது, திருவிடைமருதூர்த் தொழிலாளி வேடிக்கை பார்க்கக் கூடாது. வரிசையில் சேர்ந்து நிற்க வேண்டும். அவர்கள் நம் கட்டிலருகே நின்றவர்கள்!