ஓமலூருக்கு எத்தனை மணி நேரம்?

எங்கள் வீடு ஆவடி பருத்திப்பட்டில். அம்மா ஓமலூரில். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரம் ஓமலூரை ஒட்டிய ஊர். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னை-சேலம் விமானம் பறக்கத் தொடங்கியபோது, அம்மா வீட்டு வாசலிலேயே போய் இறங்குவதுபோல அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இடையில் நின்றுபோன அந்தச் சேவை 2023 அக்டோபரில் திரும்ப வந்தது.

சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து காமலாபுரம் வான்வழி நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். ஏடிஆர் 72 போன்ற, இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம் உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். வகுத்தால் அரை மணி நேரம்தான் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கும்.

அந்த ஒரு மணி நேரம், நின்ற இடத்தைவிட்டு விமானம் நகரும்போதே தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து போகவேண்டும், முன்னால் வரிசை இருந்தால் காத்திருக்கவேண்டும். கூடியவரை எதிர்க்காற்றில்தான் விமானத்தை மேலேற்றுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது கிழக்கே கடலைப் பார்த்து எழும்பி, அப்புறம்தான் சேலம் பக்கம் திரும்பும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இந்தக் குறுகிய தடத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் மீனம்பாக்கத்திலிருந்து சுமார் 525 கிலோமீட்டர், சேலத்தைப்போல இரண்டு மடங்கு. பயண நேரம் மட்டும் இரட்டிப்பாவதில்லை, ஒன்றரை மணியை ஒட்டித்தான் வரும்.

இனி தரைக்கணக்கு. பருத்திப்பட்டிலிருந்து கரையான்சாவடி, பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம் என்று சுற்றி மீனம்பாக்கம் போய்ச்சேர காலை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதால் இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருந்தாக வேண்டும். காமலாபுரம் சிறிய நிலையம், இறங்கியதும் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். அங்கிருந்து அம்மா வீடு சேரும்வரை எல்லாம் சேர்த்தால் நாலே முக்கால் மணி நேரம்.

ரயிலில்? மின்சார ரயிலில் கிழக்கே சென்ட்ரலுக்கோ பெரம்பூருக்கோ போய் எக்ஸ்பிரஸ் பிடிக்கவேண்டும். அந்த எக்ஸ்பிரஸ் திரும்ப அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் மேற்கே போகிறது. நம் ஊர் பிளாட்பாரத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடக்கிறோம்! சேலம் ஜங்ஷனில் இறங்கி ஓமலூர் பஸ் ஏறி வீடு சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆக, சேலத்துக்கு விமானத்தில் மிச்சமாவது ஒன்றரை மணி நேரம். விமானம் தாமதமானால் அதுவும் போச்சு. தூத்துக்குடிக்காரர்கள் கதை வேறு. எழும்பூரிலிருந்து இரவு முழுக்க ரயிலில் போகும் தூரம் அது. அவர்களுக்கு விமானம் கட்டாயம் லாபம்.

விமான நிலையம் எங்கள் பக்கம் இருந்தால் தரைக்கணக்கு குறையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூடப்பட்டபோது, அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து சில நாட்கள் பயணிகள் விமானங்கள் பறந்தன. மேற்குப் புறநகரின் மின்சார ரயில் தடத்தில் ஒரு விமான நிலையம் இருந்தது அந்தச் சில நாட்கள்தான்.

நமக்குப் புது விமானத்தைவிட முதலில் தேவை ரயில் நிறுத்தம். சேலம் வழியாகப் போகும் பகல் நேர எக்ஸ்பிரஸ்களைத் தெற்கு ரயில்வே ஆவடியில் இரண்டு நிமிடம் நிறுத்தவேண்டும்.