இழுக்கும் முன் எடையிடுவோம்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதி தமிழர்களுக்குப் புதியதன்று. வாழையிலை, மல்லிகைச் சரம், காப்பித்தூள் எல்லாம் கிடைக்கும் அக்கடைவீதியிலிருந்து சற்று நடந்தால் இரவீந்திர சரோவர் ஏரி. 1858ஆம் ஆண்டில் தோன்றிய கல்கத்தா ரோயிங் கிளப் உள்ளிட்ட துடுப்புப் படகுச் சங்கங்கள் அங்கு உள்ளன. ஒருவர் செலுத்தும் பந்தயப் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. எட்டுப் பேர் செலுத்தும் படகுக்கு 96 கிலோ. அவற்றைச் சாலை வழியே கொண்டு செல்வோருக்கு நீளமே கவலை, எடை அன்று. ஆனால், விசைப்படகின் கணக்கு வேறு. அதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர்.

சுற்றுலாத் தொழிலில் இருந்த அவர், விசைப்படகு வாங்கக் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்தார். படகைக் கொல்கத்தாவிலேயே நிறுத்தி வைத்து, தேவைக்கேற்ப டைமண்ட் ஹார்பர், கேனிங் ஆகிய ஊர்களின் படித்துறைகளுக்கு டிரெய்லரில் இழுத்துச் செல்வது அவர் திட்டம். இழுப்பதற்குத் தம் சொந்தக் காரே போதும் என்பதால், திட்ட அறிக்கையில் போக்குவரத்துச் செலவாக எரிபொருளை மட்டும் காட்டியிருந்தார். “படகின் எடை 550 கிலோ, வண்டி 1,000 கிலோ இழுக்கும்” என்றார். வணிகவியல் படித்த எனக்கு இயந்திரங்களைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால், நிகரத் தொகைக்கும் மொத்தத் தொகைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். எனவே இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம்.

விலைப்பட்டியலில் இருந்த 550 கிலோ வெறும் படகுக்கூட்டின் எடை. அதன் பின்புறம் பொருத்தும் இயந்திரம் 100 கிலோ. எண்பது லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 60 கிலோ. மின்கலம், நங்கூரம், கயிறு, உயிர்காப்பு உடைகள், கருவிப்பெட்டி ஆகியவை 90 கிலோ. டிரெய்லர் மட்டும் 320 கிலோ. கூட்டினால் 1,120 கிலோ! படகு கட்டும் பட்டறையில் இருந்த அதே மாதிரிப் படகை டிரெய்லருடன் எடைமேடையில் ஏற்றியபோது 1,190 கிலோ காட்டியது. மாற்றுச் சக்கரம், மூடுதுணி போன்றவற்றை நாங்கள் மறந்திருந்தோம்.

அடுத்து அவருடைய காரின் கையேட்டைப் புரட்டினோம். 1,000 கிலோ என்பது, தனக்கென பிரேக் உடைய டிரெய்லருக்கான வரம்பு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 450 கிலோ மட்டுமே. அவர் விலை பேசியிருந்த டிரெய்லரில் பிரேக் இல்லை.

வண்டியால் இழுக்க முடிகிறதே, பின் என்ன தடை என்று பலர் கேட்பதுண்டு. சமதரையில் இயந்திரம் இழுத்துவிடும். இடர்ப்பாடு நிறுத்துவதில்தான் உள்ளது. மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு வேகம் கூடினால், பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையெனில் அச்சுமை முழுவதையும் காரின் பிரேக்கே தாங்க வேண்டும். ஈரமான படித்துறைச் சரிவில் படகை மேலேற்றும்போது கிளட்சும் டயர்களும் படும் பாடு தனி.

இணைப்புக் கொக்கியின் மேல் இறங்கும் எடையும் கவனத்திற்குரியது. படகு டிரெய்லரில் இது மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். மிகக் குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். மிகக் கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்பு தளரும். இந்த எடை காரின் சுமையிலும் சேரும் என்பதால், அதற்கேற்பப் பயணிகளையும் பைகளையும் குறைக்க வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடைக்கு மேல் சுமையேற்றி ஓட்டுவதை அதன் 113ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 செப்டம்பர் முதல் இதற்கான அபராதம் ரூ.20,000, மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. டைமண்ட் ஹார்பர் சாலையில் 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்ததைக் கண்ட இந்நகருக்கு, தாங்கும் திறன் என்னும் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படகோ வேறு எதுவோ, டிரெய்லரில் இழுக்க எண்ணும் வாடிக்கையாளர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

1. வாகனக் கையேட்டில் இழுவை வரம்பைப் பாருங்கள். டிரெய்லர் இழுக்க வாகனம் வடிவமைக்கப்படவில்லை என்று கையேடு கூறினால், அதுவே முடிவு.

2. எரிபொருள் நிரப்பி, எல்லாப் பொருள்களையும் ஏற்றிய பின் எடைமேடையில் நிறுத்துங்கள்.

3. வாகனம், டிரெய்லர், கொக்கி, டயர் ஆகியவற்றின் வரம்புகளுள் மிகச் சிறியதே உங்கள் வரம்பு. டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீட்டு எண் 82 எனில், அது தாங்குவது 475 கிலோ.

4. வரம்பின் விளிம்புவரை செல்லாமல் சிறிது இடைவெளி விடுங்கள்.

5. டிரெய்லர் இழுப்பதற்கும் காப்பீடு பொருந்துமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வாடிக்கையாளர் படகைக் கைவிடவில்லை. பிரேக் உள்ள டிரெய்லர் வாங்கினாலும் 1,190 கிலோ வரம்பை மீறும் என்பதால், அதைவிடச் சிறிய படகைத் தேர்ந்தெடுத்தார். டிரெய்லரையும் பிரேக் உடையதாக மாற்றினார். முழுச் சுமையுடன் எடைமேடை காட்டியது 860 கிலோ. ஒரு பயணத்திற்கு இரண்டு பயணிகள் குறைவு; ஆனால் கடன் தொகையும் மாதத் தவணையும் அதற்கேற்பக் குறைந்தன.

மயிலிறகு போன்ற மெல்லிய பொருளேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் எச்சரிக்கிறது. வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்பதையும் வள்ளுவர் அதே அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார். கடன் விண்ணப்பத்தில் உங்கள் வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள தவணைகளையும் நாங்கள் துருவிக் கேட்பதும் ஒருவகை எடைமேடைதான். சுமையைக் கூட்டிப் பார்த்து, வலிமைக்குள் நின்று, பயணத்தைத் தொடங்குவோம்.