ஒளியும் வரிசையும்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியில் தை மாதத்துக் காலைப் பொழுதொன்றைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கம்பளிக்குள்ளும் உடல் நடுங்கிற்று. ஆயினும் மாலைக்குள் முகம் கறுத்துவிட்டது. சுடாத வெயில் எவ்வாறு கறுக்கச் செய்யும்?

வெப்பம் வேறு, ஒளி வேறு என்பதே விடை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயருந்தோறும் புற ஊதாக் கதிர்களின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. காற்று குளிர்ந்திருப்பினும் அக்கதிர்கள் தம் வேலையைச் செய்தே தீரும். இதே மலையில், 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள சூரிய ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கதிரவனைப் படம்பிடித்துச் சேமிக்கத் தொடங்கியது. அப்படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளில் இருந்தவை, ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். கரிமச் சேர்மங்களின் படிகங்களிலும் ஒளி மாற்றம் விளைவிக்கிறது; அதன் இயல்பு இன்னும் வியப்புக்குரியது.

இலவங்கப்பட்டையோடு உறவுடைய சின்னமிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. கரைசலில் ஒளி பட்டால் மூலக்கூறின் வடிவம் மாறுகிறதேயன்றி, இரண்டு மூலக்கூறுகள் இணைவது அரிது. படிகமாக இருக்கையில் ஒளி பட்டாலோ, அடுத்தடுத்த இரு மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் திறந்து, நான்கு கரி அணுக்கள் கொண்ட வளையமாகக் கைகோக்கின்றன. இவ்வமிலத்திற்கு மூவகைப் படிகங்கள் உள. முதல் இரண்டு வகைகளும் இருவேறு விளைபொருள்களைத் தருகின்றன. மூன்றாவது ஒன்றும் தருவதில்லை. பொருள் ஒன்றே, ஒளியும் ஒன்றே. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1964-ஆம் ஆண்டு ஷ்மிட் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இதனைத் தெளிவாக்கினர். இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று இணையாகவும், ஏறத்தாழ 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ளும் அமைந்தால் இணைவு நிகழும்; விலகினால் நிகழாது. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர நிற்பவர்கள் எளிதில் கைகோக்கலாம். இடைவெளி விட்டு நிற்பவர்களால் இயலாது. மூலக்கூறின் விதியை அதன் இயல்பு மட்டுமன்று, அண்டை நிற்பதும் தீர்மானிக்கிறது.

இவ்விதியையும் ஆராயாது ஏற்றுவிடவில்லை நம் நாட்டு அறிஞர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வெங்கடேசன், இராமமூர்த்தி ஆகியோரின் குழுவினர் 7-மெத்தாக்ஸி கூமரின் படிகத்தை ஆய்ந்து 1982-இல் முடிவை வெளியிட்டனர். அதில் இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையே தொலைவு 3.83 ஆங்ஸ்ட்ராமே; ஆனால் அவை இணையாக இல்லை, 65 பாகை திரும்பியிருந்தன. இருந்தும் ஒளி பட்டதும் இணைந்தன! கட்டுக்கோப்பான படிகத்துள்ளும் சற்றே அசைந்துகொடுக்க இடமுண்டு என்பதை இது உணர்த்திற்று.

இரண்டு இணைவது இருபடியாக்கம். மூலக்கூறின் இரு முனைகளிலும் இரட்டைப் பிணைப்பு இருந்தால், ஒவ்வொன்றும் இருபுறத்தாரையும் பற்றிக்கொள்ளும்; சங்கிலி நீளும். அதுவே பலபடியாக்கம். ஜப்பானிய அறிஞர் ஹசெகாவா 1967-இல் டைஸ்டைரில்பைரசீன் படிகத்தில் இதனைக் காட்டினார். 1969-இல் ஜெர்மானியரான வெக்னர், டைஅசிட்டிலீன் படிகங்களை ஆராய்ந்து விளக்கினார். நிறமற்ற அப்படிகங்கள் புற ஊதாக் கதிர் பட்டதும் சங்கிலியாகிப் பெரும்பாலும் அடர்நீலமாகின்றன. சிலவற்றில் எக்ஸ் கதிரும், சிலவற்றில் வெப்பமும்கூட இதே மாற்றத்தைத் தூண்டும்.

இந்நிறமாற்றம் வெறும் வேடிக்கையன்று. புற்றுநோய்க் கதிர்மருத்துவத்தில் எவ்வளவு கதிர் பாய்ந்தது என அளக்கும் படலங்கள் இத்தகைய டைஅசிட்டிலீன்களால் ஆனவை. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் 1996 முதல் ஒட்டப்பட்டுவரும் அடையாளத்தை நம்முள் பலர் கண்டிருப்பர்: ஒரு வட்டம், அதனுள் வெளிர்ச் சதுரம். மருந்து வெப்பத்தில் இருந்த அளவுக்குச் சதுரத்திலுள்ள சேர்மம் பலபடியாகிக் கறுக்கிறது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ, மிஞ்சிவிட்டாலோ எறிந்துவிட வேண்டும்.

பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து மலைச்சிற்றூர்களுக்கு ஏறும் செவிலியரிடம் ஆய்வுக்கூடம் இல்லை, இச்சதுரமே சான்று. வீரியம் இழந்த சொட்டு மருந்து பெற்ற குழந்தையைப் பெற்றோர் காக்கப்பட்டதாக நம்புவர், நோயோ காத்திருக்கும். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. அப்பெரும் பணியில், வரிசை பிசகாது நின்ற கண்காணா மூலக்கூறுகளுக்கும் சிறுபங்கு உண்டு. ஒளி எங்கும் பொதுவாகவே விழுகிறது. அதனால் பயன் விளைவது, ஏற்பவை நிற்கும் நிலையைப் பொறுத்தது.