ஹோட்டலுக்குள் ரயில், ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி: ஆர்லாண்டோவில் எந்த அறைக்குக் காசு கொடுக்கலாம், தெரியுமா?

காலை டிபன் சாப்பிடும்போது தலைக்கு மேலே ரயில் ஓடுகிற ஹோட்டல் எங்கே இருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவை ஒட்டிய வால்ட் டிஸ்னி வேர்ல்டில்! 1971 அக்டோபர் 1-ஆம் தேதி பூங்கா திறந்த அன்றே திறந்த கன்டெம்பரரி ரிசார்ட் அது. கட்டடத்தின் ஒரு பக்கம் நுழையும் மோனோரயில், நான்காவது மாடிக் கூடத்தின் மேலே ஓடி, மறுபக்கம் வெளியே போகிறது. அந்த ஹோட்டல் கட்டப்பட்ட கதை அதைவிட வேடிக்கை. அறைகளைத் தனியே ஓரிடத்தில் குளியலறையோடு முழுசாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி, எஃகுச் சட்டத்துக்குள் மேசை இழுப்பறை மாதிரி செருகிவிட்டார்கள்! கட்டியது யு.எஸ். ஸ்டீல் நிறுவனம்.

உள்ளே 90 அடி உயரத்துக்கு ஓட்டுத் துண்டுகளால் ஆன சுவரோவியம் ஒன்று நிற்கிறது. ஓவியர் மேரி பிளேர் வரைந்தது. அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால்! கூட வரும் வாண்டுகளை அதைத் தேட விட்டால் கால் மணி நேரம் நீங்கள் நிம்மதியாக உட்காரலாம்.

இன்னும் கேளுங்கள். வாட்டர்கேட் விவகாரத்தில் சிக்கியிருந்த அதிபர் ரிச்சர்ட் நிக்சன், ‘நான் மோசடிக்காரன் இல்லை’ என்று பத்திரிகை ஆசிரியர்களிடம் சொல்லி மாட்டிக்கொண்டாரே, அது வெள்ளை மாளிகையில் இல்லை. 1973 நவம்பர் 17-இல் இதே கன்டெம்பரரியில்! அடுத்த ஆண்டு டிசம்பர் 29-இல், ஏரிக்கரையில் சற்றுத் தள்ளியிருக்கும் பாலினேஷியன் ஹோட்டலில் உட்கார்ந்துதான் ஜான் லெனன் பீட்டில்ஸ் குழுவைச் சட்டப்படி கலைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மிக்கி மவுஸ் ஊரில் உலகச் சரித்திரம்!

சரி, இந்த அதிசயத்தையெல்லாம் பார்க்க என்ன செலவாகும்? ஒரு சென்ட்கூட ஆகாது. மோனோரயிலில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏறலாம், கன்டெம்பரரியில் இறங்கலாம், ஆட்டின் காலை எண்ணலாம், திரும்பலாம். அங்கே படுத்துத் தூங்க வேண்டும் என்றால்தான் பர்ஸ் அலறும். அப்படியானால் அந்தக் காசு எதற்கு? குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பளிங்குத் தரைக்கும் பஞ்சு மெத்தைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை!

டிஸ்னி தன் ஹோட்டல்களை வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று மூன்று தட்டாகப் பிரித்திருக்கிறது. நடுத்தட்டு பிறந்தது எப்போது, தெரியுமா? 1988-இல். அந்த ஜூன் மாதம், சான் டியாகோவை ஒட்டிய பழைய ஹோட்டல் டெல் கரனாடோ பாணியில் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக கிராண்ட் ஃபுளோரிடியன் என்ற அரண்மனையைத் திறந்தார்கள். நாலே மாதத்தில், அக்டோபர் 1-ஆம் தேதி, அந்த விலை கட்டுப்படியாகாதவர்களுக்காக கரீபியன் பீச் திறந்தது. முதல் நடுத்தர ஹோட்டல் அதுதான். நாளுக்கு நாள் விலை மாறும் என்றாலும் டீலக்ஸ் வாடகை மாடரேட்டைப் போல இரண்டு மடங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் மூன்று மடங்கைத் தொடுவதும் உண்டு.

இப்போது அளவு நாடாவை எடுங்கள்! வேல்யூ அறை சுமார் 260 சதுர அடி. மாடரேட் வகையான போர்ட் ஆர்லியன்ஸில் 314. டீலக்ஸ் வகையான அனிமல் கிங்டம் லாட்ஜில்? வெறும் 344! விலை இரண்டு மடங்கு, இடமோ ஐந்தடிக்கு ஆறடிதான் கூடுதல். எல்லா டீலக்ஸும் இப்படி இல்லை, கிராண்ட் ஃபுளோரிடியனில் 440 சதுர அடி கிடைக்கும். ஆனால் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு பத்து மணிக்குக் கால் ஓய்ந்து வந்து விழுகிற குடும்பத்துக்கு அந்த நூறு சதுர அடியில் என்ன வேலை?

காசு போகும் இடம் வேறு. தூரம்! டிஸ்னி வேர்ல்ட் ஒரு பூங்கா இல்லை, ஏறத்தாழ சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் பரப்பு. நான்கு பெரிய பூங்காக்கள் அதற்குள் மைல் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. கன்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டம் பூங்கா வாசலுக்குப் பத்து நிமிட நடை. பீச் கிளப் ஹோட்டலிலிருந்து எப்காட் பூங்காவின் பின்வாசலுக்கும் நடந்தே போய்விடலாம். கடைக்கோடி ஆல்-ஸ்டார் ஹோட்டல்களிலிருந்து என்றால் பேருந்துதான். அதில் ஏற வேண்டுமானால் மடியில் தூங்கும் குழந்தை, மடக்க மறுக்கும் தள்ளுவண்டி, தோளில் பை, கையில் பலூன். ஃபுளோரிடாவின் மதிய வெயிலில் மூன்று வயதுக் குழந்தையை அறைக்குக் கூட்டிவந்து தூங்கவைத்து, மாலையில் மறுபடி கூட்டிப்போகிற பெற்றோருக்குத்தான் டீலக்ஸ் காசு உண்மையிலேயே வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு எட்டு வயதைத் தாண்டிவிட்டதா? அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள் என்பேன்.

அதிலும் 2019 செப்டம்பர் 29-க்குப் பிறகு கணக்கே தலைகீழ்! அன்றைக்குத்தான் ஸ்கைலைனர் என்ற ரோப்கார் ஓடத் தொடங்கியது. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் இரண்டும் வேல்யூ. கரீபியன் பீச் மாடரேட். ரிவியெரா டீலக்ஸ் ரகம். நாலையும் கம்பி வழியே கோத்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் இழுத்துவிட்டார்கள். பத்துப் பேர் உட்காரும் பெட்டி. தள்ளுவண்டியை மடக்கவே வேண்டாம், அப்படியே உருட்டி ஏற்றலாம். ரிவியெராவில் கொட்டிக்கொடுத்தவரும் பாப் செஞ்சுரியில் சிக்கனமாகத் தங்கியவரும் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரே வாசலில் இறங்குகிறார்கள்! ஏசி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், மத்திய ஃபுளோரிடாவோ கோடைப் பிற்பகல் மின்னலுக்குப் பேர்போன இடம்.

பாப் செஞ்சுரியில் நான்கு மாடி உயர ரூபிக்ஸ் கியூபும் யோ-யோவும் நிற்கின்றன, அவற்றுக்குள்ளே ஒளிந்திருப்பது மாடிப்படி! பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பிள்ளைகள் அங்கேயே குடியிருக்கக் கேட்பார்கள்.

நடுத்தர ஹோட்டலுக்கும் ஒரு பொறி உண்டு. கரீபியன் பீச் ஓர் ஏரியைச் சுற்றி ஜமைக்கா, டிரினிடாட், மார்ட்டினிக், அரூபா என்று பேட்டை பேட்டையாகப் பரந்து கிடக்கிறது. 1,500-க்கும் மேல் அறைகள். ரோப்கார் நிலையம் இருப்பது ஜமைக்கா பக்கம். எதிர்க்கரையில் அறை விழுந்தால் ‘பக்கத்தில்தானே’ என்று போட்ட கணக்கு அவ்வளவுதான். பதிவு செய்யும்போதே எந்தப் பேட்டை என்று சொல்லிக் கேளுங்கள். நடுத்தட்டிலேயே சின்னதாக வேண்டும் என்றால் போர்ட் ஆர்லியன்ஸ் ஃபிரெஞ்ச் குவார்ட்டர். சின்னது என்றாலும் ஆயிரம் அறை, ஆனால் நெருக்கமாக இருக்கும். படகில் ஏறினால் கடைத்தெருவான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் கொண்டுபோய் விடும். மிக்கி காது வடிவத்தில் சர்க்கரைத்தூள் உதிர உதிர பென்யே என்ற பலகாரமும் கிடைக்கும்.

நடுத்தட்டில் ஓவியர் சால்வதோர் டாலி இருக்கிறார், தெரியுமா? வால்ட் டிஸ்னியும் டாலியும் 1945-இல் ‘டெஸ்டினோ’ என்று ஒரு குறும்படத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். அது முடிந்தது 2003-இல், இருவருமே இறந்த பிறகு! அந்தப் பெயரில்தான் கரனாடோ ஸ்பிரிங்ஸ் ஹோட்டலில் 2019-இல் 15 மாடிக் கோபுரம் எழுப்பினார்கள். தோற்றம் டீலக்ஸ், பட்டியலில் இன்னும் மாடரேட்!

சலுகைக்கு வருவோம். பூங்காவுக்குள் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம் என்ற சலுகை டீலக்ஸுக்கு மட்டுமா? அதுதான் இல்லை, டிஸ்னி ஹோட்டல் எதில் தங்கினாலும் உண்டு. டீலக்ஸுக்கு மட்டும் என்றிருப்பது, குறிப்பிட்ட சில இரவுகளில் மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கூடுதல் நேரம் ரைடு ஏறவிடுவது. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான்கு வயதுக் குழந்தை இரவு பதினொரு மணிக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்! அந்தச் சலுகை வேண்டும், விலையும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சந்து இருக்கிறது: ஸ்வான், டால்ஃபின். கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்து 1990-இல் திறந்தவை. ஸ்வானின் கூரைமேல் ராட்சத அன்னங்கள்! டிஸ்னி நிலத்தில் இருந்தாலும் நடத்துவது மேரியட். இரவுச் சலுகை அப்படியே கிடைக்கும், சேர்த்துவைத்த மேரியட் பாயின்ட்டிலும் தங்கலாம்.

ஆனால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நிஜமான அதிர்ச்சி எதிர் முகாமில்! யுனிவர்சல் ஆர்லாண்டோவில் போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று சொகுசு ஹோட்டல்களில் தங்கினால், அறையில் பதிவான எல்லோருக்கும் க்யூவைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் இனாம். நடுத்தர விலைக்காரரான கபானா பேயில் தங்கினால் கிடையாது. இதில் சூட்சுமம் என்ன, தெரியுமா? செக்-இன் நாளும் கணக்கு, செக்-அவுட் நாளும் கணக்கு. ஒரே ஓர் இரவு தங்கினால் இரண்டு முழு நாள் பாஸ்! காலையிலேயே போய்ப் பெயரைப் பதிந்து, பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, பாஸை வாங்கிக்கொண்டு நேரே ரைடுக்குப் போகலாம். அறை சாயங்காலம் கிடைத்தால் போதும். அதே பாஸைத் தனியாக வாங்கினால் நெரிசல் நாளில் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். நான்கு பேர், இரண்டு நாள், போட்டுப் பாருங்கள்: 800 டாலரைத் தாண்டுகிறது. பல நாட்களில் அறை வாடகையே அதைவிடக் குறைவு. சொகுசு ஹோட்டல் சிக்கனமாகிற விந்தை!

பூங்கா நுழைவுச்சீட்டு தனி, மறந்துவிடாதீர்கள். 2025 மே 22-இல் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் இந்த இனாம் பாஸ் செல்லாது. க்யூவே இல்லாத செப்டம்பர் வாரநாளில் போகிறீர்கள் என்றால் தாண்டுவதற்கு ஒன்றும் இருக்காது, கபானா பேயே போதும்.

வெளியூர்க்காரர்களைக் கவிழ்க்கும் சில்லறை விஷயங்களும் உண்டு. அமெரிக்காவில் திரையில் தெரியும் வாடகை வரிக்கு முந்தையது. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுன்ட்டியில் அதன்மேல் 12.5 விழுக்காடு ஏறும். டிஸ்னியில் பத்து வயதானால் பிள்ளைக்குப் பெரியவர் டிக்கெட்! மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியையும் சேர்த்தால் ஐந்து பேர் ஆகிறீர்களா? வேல்யூ அறையில் நாலு பேருக்குத்தான் இடம். அதற்கு ஆர்ட் ஆஃப் அனிமேஷனின் ஃபேமிலி சூட் இருக்கிறது. ஆறு பேர், இரண்டு குளியலறை, மைக்ரோவேவ். காலையில் ஒரு குளியலறைக்கு ஐந்து பேர் வரிசையில் நின்ற குடும்பத்துக்கு அந்த இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும். சமையலே வேண்டும், ரசம் இல்லாமல் பாட்டி சாப்பிட மாட்டார் என்றால் பக்கத்து ஊரான கிஸிமி பக்கம் முழு வீடே வாடகைக்குக் கிடைக்கிறது. அப்போது தினமும் கார், பூங்காவில் பார்க்கிங்குக்குத் தனிக் காசு. டிஸ்னி ஹோட்டல்வாசிகளுக்கு அந்த பார்க்கிங் இலவசம்.

வேல்யூ, டீலக்ஸ் இரண்டையும் ருசி பார்க்கவும் வழி இருக்கிறது. நான்கு இரவு பாப் செஞ்சுரி, கடைசி ஓர் இரவு அனிமல் கிங்டம் லாட்ஜ்! பெட்டிகளை ஒரு டிஸ்னி ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்கு அவர்களே இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 2001-இல் திறந்த அந்த லாட்ஜில் பால்கனிக் கதவைத் திறந்தால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கின்றன. ஆனால் ‘சவானா வியூ’ என்று போட்ட அறையைத்தான் எடுக்க வேண்டும். சாதாரண வியூ என்று மலிவாகக் கிடைப்பதில் கார் நிறுத்துமிடம் தெரியலாம், அதற்கு எதற்கு டீலக்ஸ்?

அங்கே தங்காமலே ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கவும் முடியும், அதுவும் மாங்காய்ச் சட்னியோடு! லாட்ஜின் கிடானி வில்லேஜில் சனா என்று ஓர் உணவகம். ஆப்பிரிக்க, இந்தியச் சமையல் கலந்தது. நான் ரொட்டியும் குல்ச்சாவும் பனீர் பராத்தாவும் சுடச்சுட வரும். தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம்: ராய்த்தா, புளிச்சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய் என்று வரிசையாக. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் புல்வெளி, மிருகங்கள். மேசை முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். இருட்டியபின் மிருகம் சரியாகத் தெரியாது, மதியச் சாப்பாட்டுக்கே பதிவு செய்யுங்கள்.