திரையில் விஞ்ஞானப் பாடம்

தொம்மலூர்ச் சொக்கநாதர் ஆலயத்தில் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன என்பதைப் பெங்களூர்வாழ் நம்மவர் பலர் அறிவர். அதே தொம்மலூரிலுள்ள பெங்களூர் சர்வதேச மையத்தில் நிகழும் சொற்பொழிவுகள் யூடியூபில் ஏற்றப்படுவதை அறிந்தோர் சிலரே.

அவை பொது அறிவுக்கு உரியன. கல்லூரிப் பாடத்துக்கு நேர்த்துணையாவது, ஏழு ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமே. அதன் விரிவுரைகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பில் ஆசிரியர் ஒரு சமன்பாட்டை விரைந்தெழுதி அழித்துவிட்டால் மாணவன் என் செய்வான்? திரையிலோ நிறுத்தலாம், ஓர் அடியையே பத்து முறை கேட்கலாம். புதிய ஊரில் கூச்சத்தால் வாய் திறவாத நம் பிள்ளைகளுக்கு இது பெரும் பேறு.

வாட்ஸ்அப் குழு வேறு வகை. மாணவர் மட்டும் கூடினால், ஒருவன் அனுப்பிய பிழையான விடை விடியுமுன் வகுப்பெங்கும் பரவிவிடும். ஆசிரியரும் அதில் இருந்து, இரவில் ஒரு வினாவை இட்டு, விடையை மறுநாள் வகுப்பில் விவாதித்தலே நன்று என்பது நம் கருத்து.

சில விரிவுரைகளுக்குத் தமிழாக்கமும் வந்துள்ளது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் தனி மகிழ்ச்சி. ஆயினும் கலைச்சொற்களை ஆங்கிலப் பெயரோடு சேர்த்தே பிள்ளைகள் பயிலட்டும்; அவர்களுள் பெரும்பாலோர் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர்.