சம்பளத்தைத் தேடிப் போகும் உத்தரவு

1973 டிசம்பர். பெற்றோர் பிரிந்த பிறகு நியூயார்க்கில் அப்பாவோடு இருந்த சிறுமி ஒருத்தி, இனி கலிஃபோர்னியாவில் அம்மாவோடு இருக்கப் போவதாகச் சொன்னாள். அப்பா தடுக்கவில்லை. விமானத்துக்கு ஒருவழி டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மகனும், அம்மா அனுப்பிய டிக்கெட்டில், அப்பாவிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டான். இரண்டு பிள்ளைகளும் தன்னிடம் வந்துவிட்டதால் பராமரிப்புத் தொகையைக் கூட்டித் தரச் சொல்லி அந்தத் தாய் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் தீர்ப்பு வந்தது: மகளுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார் என்பதற்காக மட்டும், நியூயார்க்கில் இருப்பவரைக் கலிஃபோர்னியா நீதிமன்றம் தன் அதிகாரத்துக்குள் இழுக்க முடியாது.

அந்தத் தாய்க்குப் பணம் கிடையாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு என்றது.

அமெரிக்காவில் குடும்பச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஒரு மாநில நீதிபதியின் அதிகாரம் அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும். சம்பாதிக்கிறவரோ பெட்டியைக் கட்டிக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார். இதைச் சமாளிக்க 1950-லேயே ஒரு பொதுச் சட்ட வரைவு வந்தது. தாய் தன் ஊர் நீதிமன்றத்தில் மனு கொடுப்பார். காகிதங்கள் தந்தை இருக்கும் மாநிலத்துக்குப் போகும். அங்குள்ள நீதிபதி விசாரித்து உத்தரவு போடுவார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில், ஏற்கெனவே ஒரு உத்தரவு இருக்கும்போதே இரண்டாவது மாநிலம் இன்னொன்று போட்டது. தந்தை மறுபடி இடம் மாறினால் மூன்றாவது. ஒரே பிள்ளைக்கு மூன்று உத்தரவு, மூன்று தொகை. பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது 1992-ல் எழுதப்பட்ட மாநிலங்களிடையிலான குடும்பப் பராமரிப்புச் சட்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரே உத்தரவுதான் செல்லும் என்பது அதன் உயிர்நாடி. உத்தரவு போட்ட மாநிலத்தில் தாயோ தந்தையோ பிள்ளையோ யாராவது ஒருவர் குடியிருக்கும் வரை, பொதுவாக வேறெந்த மாநிலமும் தொகையில் கை வைக்கக் கூடாது. எத்தனை வயது வரை கொடுக்க வேண்டும் என்பதும் அந்த முதல் மாநிலத்தின் சட்டப்படிதான். நியூயார்க்கில் 21 வயது வரை. பல மாநிலங்களில் 18. நியூயார்க் உத்தரவோடு டெக்ஸாஸ் போய்க் குடியேறினாலும் 21 வரை கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாநிலங்கள் இதை விருப்பப்பட்டு ஏற்றன என்று சொல்ல முடியாது. 1998 தொடக்கத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் மத்திய அரசின் நிதி நின்றுவிடும் என்று 1996-ல் நாடாளுமன்றம் நிபந்தனை போட்டது. எல்லா மாநிலங்களும் நிறைவேற்றின.

ஆனாலும் இந்த அமைப்பை ஓட வைப்பது நீதிமன்றம் அல்ல, நிறுவனங்களின் சம்பளப் பிரிவு. அங்கே யாரையாவது புதிதாக வேலைக்கு எடுத்தால் 20 நாளுக்குள் அவருடைய பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் நிறுவனம் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் தேசியப் பதிவேட்டுக்குப் போய், பராமரிப்பு உத்தரவுகளின் பட்டியலோடு ஒத்துப் பார்க்கப்படும். பெயர் பொருந்தினால், அவர் எந்த மூலையில் வேலைக்குச் சேர்ந்தாலும் பழைய மாநிலத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு புது நிறுவனத்தின் சம்பளக் கணக்கரின் மேஜைக்கு ஒரு படிவம் வரும். நாடு முழுவதும் ஒரே மாதிரிப் படிவம்: மாதம் இவ்வளவு பிடி, பழைய பாக்கிக்காக இவ்வளவு சேர்த்துப் பிடி, இந்த முகவரிக்கு அனுப்பு. அது வேறு மாநிலத்து உத்தரவாயிற்றே, நம் ஊர் நீதிமன்றத்தில் பதிவு செய்யவில்லையே என்றெல்லாம் கணக்கர் கேட்க முடியாது. நேராக வந்தாலும் செல்லும். சம்பளம் போட்ட 7 வேலை நாளுக்குள் பணத்தை அனுப்பிவிட வேண்டும். வரி போன்ற கட்டாயப் பிடித்தம் போக மிஞ்சும் தொகையில், அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறதா, பாக்கி எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்து 50 முதல் 65 சதவீதம் வரை பிடிக்க மத்திய சட்டம் இடம் தருகிறது.

தந்தைமார் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதம் இங்கே எடுபடாது. பிள்ளையைப் பார்க்கவே விடுவதில்லை, நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? பார்க்கும் உரிமைக்குத் தனி மனு போட்டுக்கொள்ளலாம். அதைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தக் கூடாது. நம் ஊர்க் குடும்ப நீதிமன்ற வராந்தாக்களிலும் தினமும் காதில் விழும் வாதம்தான் இது.

சம்பளத்தில் பிடிக்க முடியாதவர்களுக்கு வேறு கயிறுகள் உண்டு. நிலுவை 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்க பாஸ்போர்ட் கிடைக்காது, புதுப்பிக்கவும் முடியாது. வேறு மாநிலத்தில் உள்ள பிள்ளைக்கு வேண்டுமென்றே ஓராண்டுக்கு மேல் கொடுக்காமல் இருப்பதும், 5,000 டாலருக்கு மேல் பாக்கி வைப்பதும் மத்தியக் குற்றம். ஏமாற்றுகிறவனுக்கு இது சரி. உண்மையிலேயே கையில் இல்லாதவனுக்கு? 1986-ல் வந்த ஒரு திருத்தத்தின்படி, தவணை நாள் கடந்துவிட்ட தொகையை எந்த நீதிபதியும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. வேலை போன அன்றே குறைக்கச் சொல்லி மனு போடாதவர், அதுவும் உத்தரவு போட்ட பழைய மாநிலத்துக்கே போய்ப் போடாதவர், சிக்கிக்கொள்கிறார். தென் கரோலினாவில் ஒரு தந்தை வக்கீல் வைக்க வழியில்லாமல் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தாரா என்று முறையாகக் கேட்காமல் உள்ளே தள்ளியது தவறு என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அவர் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார்.

நாட்டு எல்லை குறுக்கே வந்தால் சங்கதி இன்னும் கடினம். 1956-ல் ஐக்கிய நாடுகள் சபை ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. இலங்கை 1958-லேயே அதில் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர், பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ இருக்கும் கணவரிடமிருந்து பிள்ளைக்குப் பணம் பெற, அரசு வழியாகவே மனு அனுப்ப இந்த உடன்படிக்கை இடம் கொடுக்கிறது. அதைவிட வலுவானது 2007-ல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை. சேர்ந்த நாடு ஒவ்வொன்றும் ஒரு மைய அலுவலகம் வைத்து, பிள்ளைக்காக வரும் மனுக்களைப் பெரும்பாலும் இலவசமாக நடத்திக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2017 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது, ஒரு விலக்கோடு. ஐரோப்பிய நாடுகளில் பிள்ளை வசிக்கும் ஊர் நீதிமன்றமே உத்தரவு போடலாம். அமெரிக்கா அதை மட்டும் காரணமாக ஏற்காது; தந்தைக்கும் அந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. 1978 தீர்ப்பின் நிழல் அட்லாண்டிக் கடலைத் தாண்டியும் விழுகிறது.

வெளிநாட்டில் வேலை செய்வோரை நம்பியிருக்கும் பிலிப்பைன்ஸ் 2022-ல் ஹேக் உடன்படிக்கையில் இணைந்தது. இந்தியா 1956 உடன்படிக்கையிலும் இல்லை, 2007 உடன்படிக்கையிலும் இல்லை.

உள்நாட்டில் இந்தியச் சட்டம் தாராளமானதுதான். ஜீவனாம்ச வழக்கென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்றே பழகியிருக்கிறோம். 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு. அந்தச் சட்டப்படி மதுரையில் வாங்கிய உத்தரவை, எதிர்மனுதாரர் மும்பையில் இருந்தால் மும்பை மாஜிஸ்திரேட்டே நிறைவேற்றலாம். ஆனால் ஆள் வேலை மாறியதும் தகவல் சொல்லும் பதிவேடு இங்கே கிடையாது. அவர் எங்கே இருக்கிறார், என்ன சம்பளம் என்பதை மனுதாரரே விசாரித்துக்கொண்டு வர வேண்டும்.

அவர் அமெரிக்காவில் இருந்தால் கைக்கு எட்டுவது இன்னும் குறைவு. இரு தரப்பும் வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர் அங்கே வாங்கும் சம்பளத்தை அந்நாட்டுப் பணத்தில் காட்ட அதில் தனிப் பகுதியே இருக்கிறது. சம்மனையும் வாரண்ட்டையும் மதிக்காதவரின் இந்திய பாஸ்போர்ட்டை முடக்கலாம். அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால் அதுவும் இல்லை. இந்திய உத்தரவை அமெரிக்க மாநிலம் நல்லெண்ண அடிப்படையில் ஏற்கலாம். ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே வாங்கிய உத்தரவுக்கும் இங்கே நேரடி மதிப்பு கிடையாது. பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளின் தீர்ப்புகளை இங்கே நேரடியாக நிறைவேற்ற வழிசெய்யும் பட்டியலில் அமெரிக்கா இல்லை.

எனவே, தந்தை வேலை பார்க்கும் மாநிலத்திலேயே மனு போடுவது பல சமயம் சுருக்கு வழி. வெளிநாட்டில் இருப்பவரும் அங்குள்ள நீதிமன்றத்தில் நேரடியாக மனு தாக்கல் செய்ய மாநிலச் சட்டம் இடம் தருகிறது. தாய் விமானம் ஏற வேண்டியதில்லை. தொலைபேசியிலோ வீடியோவிலோ சாட்சி சொல்லலாம். உத்தரவு அங்கேயே பிறந்துவிட்டால், மற்ற அமெரிக்கத் தந்தையரின் உத்தரவைப் போலவே அதுவும் படிவமாகி அவருடைய நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்குப் போகும்.