செவ்வாய்க் கலத்தின் கடைசிக் குரல்

வில்லியனூர்ப் பக்கம் தண்டவாளத்திற்குச் சற்றுத் தள்ளி நின்று, ஊதிக்கொண்டே விரையும் ரயிலைக் கவனித்திருக்கிறீர்களா? நெருங்கும்போது ஊதல் கூர்மையாகவும், கடந்து சென்றதும் தாழ்ந்தும் கேட்கும். அலையை எழுப்பும் பொருள் நகர்ந்தால் நம்மை அடையும் அதிர்வெண் மாறுகிறது. இதுவே டாப்ளர் விளைவு. வானொலி அலைகளுக்கும் இது பொருந்தும்.

2016 அக்டோபர் 19 அன்று, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்கியாபரெல்லி என்னும் கலம் மணிக்குச் சுமார் 21,000 கி.மீ. வேகத்தில் செவ்வாயின் காற்று மண்டலத்தில் நுழைந்தது. அது அனுப்பிய 401 மெகாஹெர்ட்ஸ் அலைகள், அருகிலிருந்த தாய்க்கலத்திற்கானவை. 17 கோடி கி.மீ.க்கு அப்பாலுள்ள பூமிக்கானவை அல்ல. ஆயினும் புனேயை அடுத்த நாராயண்காவ் அருகிலுள்ள மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி அவற்றைப் பிடித்துவிட்டது! எவ்வாறு? 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் அங்கே ஒரே காதாக இயங்குகின்றன.

நீங்களே கணக்கிடலாம். கலத்தின் வேகம் நம் திசையில் நொடிக்கு 1 மீட்டர் மாறினால், இந்த அதிர்வெண் ஏறக்குறைய 1.3 ஹெர்ட்ஸ் மாறும். ஆகவே அதிர்வெண்ணைத் தொடர்ந்தால் வேகத்தையும் தொடரலாம்.

ஆனால், தரையிறங்க வேண்டிய நேரத்திற்கு முன்பே குரல் நின்றுவிட்டது. அலைகள் இங்கு வந்துசேர ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆயின. எனவே, அந்த மௌனம் நம்மை எட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. காரணம் பின்னர் தெரிந்தது. சுழற்சியை அளக்கும் கருவி சுமார் ஒரு நொடி தன் எல்லை அளவிலேயே நின்றுவிட, கணிப்பொறி 'தரைக்கும் கீழே இருக்கிறோம்' என்று தவறாகக் கணக்கிட்டது. சுமார் 3.7 கி.மீ. உயரத்திலேயே பாராசூட் கழற்றப்பட்டது. கலம் விழுந்து நொறுங்கியது.

நலமாக இறங்கிய கலத்தின் குரலோ கோளின் வயிற்றையே காட்டும். ஒரு வேகவைத்த முட்டையையும் ஒரு பச்சை முட்டையையும் மேசைமேல் சுழற்றிப் பாருங்கள். வெந்தது சீராகச் சுழலும். உள்ளே திரவம் இருப்பதால் பச்சை முட்டை தடுமாறும். கோளும் அப்படித்தான். 2018 நவம்பர் 26இல் செவ்வாயில் இறங்கிய அமெரிக்காவின் இன்சைட் கலம், கோளோடு சேர்ந்து சுழன்றபடியே பூமியுடன் வானொலித் தொடர்பு கொண்டது. அந்த அலைகளின் டாப்ளர் மாற்றத்திலிருந்து, செவ்வாயின் அச்சில் உள்ள மிக நுண்ணிய தள்ளாட்டத்தை விஞ்ஞானிகள் அளந்தனர். செவ்வாயின் மையக்கரு திரவநிலையில் உள்ளது, அதன் ஆரம் சுமார் 1,830 கி.மீ. என்று மதிப்பிட்டனர்.

துளையிட்டுப் பார்க்க முடியாத ஆழத்தை, ரயில் ஊதலில் நாம் கேட்கும் அதே விதி அளந்து சொல்லிவிட்டது அல்லவா?